பதினொரு முதல் பாகங்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு 52 நூல்களை வாசிப்பதாக, படித்த நூல்களைப் பதிவு செய்யும் குட்ரீட்ஸ் இணையதளத்தில் இலக்கு வைத்தேன். நவம்பர் பிறந்தபோது 30-ஐத்தான் எட்டியிருந்தேன். எஞ்சிய வாரங்களில் கைக்கு அகப்பட்ட மெலிந்த புத்தகங்களையெல்லாம் படித்து எண்ணிக்கையை 41 வரை கொண்டுவந்தேன். அப்படிப் படித்தவற்றில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. இந்த ஆண்டு எனக்குப் பிடித்த மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களை மட்டும் வாசிப்பது என்று முடிவெடுத்து, 24 நூல்களின் பட்டியல் ஒன்றை இணைத்துள்ளேன். அவற்றில் 11 நூல்கள் வெவ்வேறு தொடர்களின் முதல் பாகங்கள். இந்த இலக்கு பொருத்தமானதா? ஒரு தொடரை ஒரு நூலாக எண்ணுவதா, பல நூல்களாக எண்ணுவதா? முடிவடையாத தொடர்களைத் தொடலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் பட்டியலில் என்னை உறுத்தியது 24 என்ற எண் அல்ல, 11 என்ற எண்தான். மிகுபுனைவுத் தொடரின் முதல் பாகம் பெரும்பாலும் அஸ்திவார வேலை. அந்த உலகின் நிலம், அரச குலங்கள், மந்திரத்துக்கு அங்குள்ள விதிகள், அதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஆகியவற்றை வாசகன் கற்றுக்கொள்வதிலேயே பாதி நூல் போய்விடும். அந்த உழைப்புக்கான பலன் மூன்றாம், நான்காம் பாகங்களில்தான் கைக்கு வரும். பதினொரு முதல் பாகங்களை வாசித்து நிறுத்துவது, பதினொரு வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல் திரும்புவதைப் போன்றது. எண்ணிக்கை என்னவோ நிறைந்துவிடும்.

நூல்களின் எண்ணிக்கை என்ற அளவுகோலே இந்த வகைக்குப் பொருந்துவதில்லை என்பது என் எண்ணம். டோல்கீன் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை ஒரே படைப்பாகத்தான் எழுதினார். உள்ளே அதை ஆறு பகுதிகளாகப் பிரித்திருந்தார். போருக்குப் பிந்தைய காகித விலையை அஞ்சிய பதிப்பகம் 1954, 1955 ஆண்டுகளில் அதை மூன்று பாகங்களாக வெளியிட்டது. அப்படியானால் அதை வாசித்து முடித்தவர் கணக்கில் ஒன்று என்று எழுதுவாரா, மூன்று என்றா, ஆறு என்றா? இன்னொரு பக்கம் ராபர்ட் ஜோர்டானின் 'வீல் ஆஃப் டைம்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு பாகங்கள், ஆங்கிலத்தில் ஏறத்தாழ 43 லட்சம் சொற்கள். நிமிடத்துக்கு 250 சொற்கள் வீதம் நாள்தோறும் ஒரு மணி நேரம் தவறாமல் வாசிப்பவருக்கு அது மட்டுமே 280 நாள்களுக்கு மேல் பிடிக்கும். உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலை அதே வேகத்தில் நான்கே நாள்களில் முடித்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே கட்டத்தில் ஒரு குறி இடச் சொல்லும் கணக்கு, சென்ற நவம்பரில் உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியதோ அங்கேதான் மறுபடியும் நிறுத்தும்.

ஆகவே புத்தகங்களை விட்டுவிட்டு, ஓர் ஆண்டில் எத்தனை உலகங்களுக்குள் முழுமையாகப் போய் வருவது என்று இலக்கு வையுங்கள். என் கணக்கில் ஒரு நீண்ட தொடர், மூன்று அல்லது நான்கு பாகங்கள் கொண்ட ஒரு சிறிய தொடர், ஆறேழு தனி நாவல்கள் என்பதே ஓர் ஆண்டுக்குத் தாராளம். தொடர் என்று அழைக்கப்படும் எல்லாமே சங்கிலி அல்ல என்பதையும் கவனியுங்கள். டெரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' வரிசையில் 41 நாவல்கள் உண்டு. அவற்றில் மிகப் பல தம்மளவில் நிற்பவை என்பதால் வேண்டிய இடத்தில் நுழைந்து வெளியேறலாம். அத்தகையவற்றைத் தனி நாவல்களாகவே எண்ணுங்கள்.

பாகங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் என் திட்டங்கள் பலமுறை உடைந்தது அங்கேதான். ஒருமுறை நீண்ட தொடர் ஒன்றின் மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டு, மாற்றத்துக்காக என்று வேறொரு மிகுபுனைவு வரிசையில் புகுந்து, நான்கு மாதம் கழித்துத் திரும்பினேன். நான்காம் பாகத்தின் முதல் பக்கத்தில் ஒருவன் மழையில் நனைந்தபடி கோட்டை வாயிலில் வந்து இறங்குகிறான். குதிரையின் பெயர் எனக்கு நன்றாக நினைவிருந்தது. இறங்கியவன் யார் என்பதுதான் தெரியவில்லை. போதாக்குறைக்கு, இடையில் வாசித்த வரிசையின் தளபதி ஒருவனை இவனோடு குழப்பிக்கொண்டு நாற்பது பக்கம் வரை தவறான மனிதனுக்காகக் கவலைப்பட்டேன். அதன்பிறகு இரண்டு வழக்கங்களைக் கைக்கொண்டேன். ஒவ்வொரு பாகத்தையும் முடித்த அன்றே, யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எந்த ரகசியம் தெரியும், எந்த வாக்குறுதி பாக்கி நிற்கிறது என்பதை நோட்டில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிவிடுவேன். பாகங்களுக்கு நடுவே மூச்சுவிட வேண்டுமென்றால் மூன்று வாரத்துக்கு மிகாமல் கட்டுரையோ கவிதையோ வாசிப்பேன். இன்னோர் இட்டுக்கட்டிய உலகின் வரைபடத்தை அந்த நாள்களில் விரிப்பதே இல்லை.

முடிவடையாத தொடர்களைப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் ஐந்தாம் பாகம் வெளிவந்தது 2011-இல். ஆறாம் பாகத்துக்கான காத்திருப்பு பத்தாண்டுகளைத் தாண்டிவிட்டது. ஜோர்டான் 2007-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதிய கடைசி மூன்று பாகங்கள் 2013-இல்தான் நிறைவுற்றன. ஆனால் முடிந்த தொடர் என்பதும் அத்தனை உறுதியான சொல் அல்ல. லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் மூன்றாம் நாவல் 1972-இல் வந்தபோது வாசகர்கள் அதை முழுமையடைந்த முத்தொடராகவே கொண்டார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து 1990-இல் அவர் நான்காவதை எழுதினார். பெருமந்திரவாதிகளின் உலகை ஒரு நடுவயதுப் பெண்ணின் அடுப்படியிலிருந்து பார்க்கும் அந்த நாவல், முந்தைய மூன்றையும் நாம் வாசித்த விதத்தையே கேள்விக்குள்ளாக்கிவிடுகிறது. எனவே முடியாத தொடரைத் தாராளமாக வாசியுங்கள். ஆண்டு இலக்கின் முதுகெலும்பாக மட்டும் அதை வைக்காதீர்கள், ஏனென்றால் இலக்கை எட்டுவது உங்கள் கையில் இல்லாமல் போய்விடும்.

இவ்வளவையும் கொண்டு உங்கள் பட்டியலுக்குத் திரும்பினால், அந்தப் பதினொன்றில் ஒன்பதை நான் அடித்துவிடுவேன். எந்த ஒன்பது என்பதை நீங்களே தீர்மானிப்பதுதான் முறை. ஒவ்வொன்றிலும் முதல் ஐம்பது பக்கங்களை வாசித்து, மறுநாள் காலையில் எதன் பெயர்கள் தாமாக நினைவுக்கு வருகின்றன என்று பாருங்கள். எஞ்சும் இரண்டோடு ஆண்டைத் தொடங்குங்கள். நீண்ட தொடரின் நான்காம் பாகத்துக்கு வரும்போது எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ஏனென்றால் நான் ஒவ்வொரு முறையும் தளர்ந்தது அந்த இடத்தில்தான்.