அக்காவின் எம்.ஆர்.ஐ. அறிக்கை: ஒரு வாசகியின் கடிதம்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வலது சினைப்பையில் ஆறு சென்டிமீட்டர் கட்டி. ஈப்போவில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில், டிஃப்யூஷன் படத்தில் கட்டி வெளிச்சமாகத் தெரிகிறது, ஏ.டி.சி. குறைவு, உள்ளே கொழுப்பு உண்டு, இரத்த ஓட்டமுள்ள திடப்பகுதி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஏ.டி.சி. குறைந்தால் புற்றுநோய் என்று இணையத்தில் படித்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பினாங்குக்குப் போய் இன்னும் நவீனமான டிஃப்யூஷன் ஸ்கேன் எடுக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் படித்தது பாதி உண்மை. திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைத்தான் டிஃப்யூஷன் படம் அளக்கிறது. உயிரணுக்கள் நெருங்கிக் கிடக்கும் புற்றுக்கட்டியில், கல்லுமலைத் தைப்பூசக் கூட்டத்தில் சிக்கிய ஆளைப்போல நீர் நகர முடியாமல் நிற்பதால், அவ்விடம் படத்தில் பிரகாசித்து, அந்த நகர்வின் அளவான ஏ.டி.சி.யைக் காட்டும் வரைபடத்தில் இருண்டு தெரியும். ஆனால் தோல், முடி, கொழுப்பு போன்றவை உள்ளே வளரும், பெரும்பாலும் தீங்கற்ற டெர்மாய்டு கட்டிக்குள் இருக்கும் கெரட்டின் என்ற தோல் புரதமும், கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயின் கட்டியில் தேங்கிய பழைய இரத்தமும், சீழும் அதே தோற்றத்தைத் தரும். ஆகவே கதிரியக்க மருத்துவர் அந்த வெளிச்சத்தைத் திடப்பகுதியில்தான் பொருட்படுத்துவார். அங்கேயும், டி2 என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்திலும் டிஃப்யூஷனிலும் ஒருசேரக் கறுத்துத் தெரியும் நார்க்கட்டியைப் பெரும்பாலும் தீங்கற்றதாகவே கொள்வார்.

அறிக்கையில் நான் முதலில் பார்த்தது கொழுப்பைப் பற்றிய வரியைத்தான். கொழுப்பு இருந்து, இரத்த ஓட்டமுள்ள திடப்பகுதி இல்லையென்றால், அது பெரும்பாலும் டெர்மாய்டுதான். சினைப்பைக் கட்டியில் புற்றுநோய்க்கான வாய்ப்பை மதிப்பிடும் ஓ-ராட்ஸ் எம்.ஆர்.ஐ. அளவுகோலில் இத்தகைய கட்டிக்கு 2 புள்ளி. புற்றுநோய்க்கான வாய்ப்பு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. அதே அளவுகோலில் 5 புள்ளி என்றால் சுமார் 90 சதவீதம்.

நவீன முறைகளைக் குறைசொல்லவில்லை. இரத்த ஓட்டத்தின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டும் ஐ.வி.ஐ.எம்., திசுவின் சிக்கலை அளக்கும் கர்ட்டோசிஸ் ஆகியவை ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. ஆனால் நல்ல கட்டி, கெட்ட கட்டி இரண்டின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இயந்திரத்துக்கு இயந்திரம் மாறவும் செய்கின்றன. அக்காவின் கேள்விக்கு அதில் புதிதாக விடை கிடைக்காது என்பதால், அதற்காகப் பினாங்குக்குப் போய் ரிங்கிட்டைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அந்தப் பயணத்துக்குப் பதிலாக மகளிர் நோய் நிபுணரிடம் அறிக்கையைக் காட்டி, ஓ-ராட்ஸ் புள்ளி எத்தனை என்றும், இந்த அளவுள்ள கட்டியை எப்போது அகற்றுவது என்றும் கேளுங்கள். டெர்மாய்டில் நான் அஞ்சுவது அது சினைப்பையோடு முறுக்கிக்கொள்வதைத்தான். திடீரென அடிவயிற்றில் கடும் வலியும் வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.