மகன் உருவத்தில் ரோபோ வந்தால் அம்மா என்ன செய்வாள்?

கேள்வி: தோழிகள் நான்கு பேர் சேர்ந்து யூடியூபுக்காக 6 பகுதி அறிவியல் புனைவுத் தொடர் எழுதுகிறோம். கதை 2060இல், ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் நடக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் உருவத்திலேயே ஒரு ரோபோ வீட்டுக்கு வருகிறது. கதையைப் படித்தவர்கள் எல்லோரும், "அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள், மெகா சீரியல் மாதிரி இருக்கு" என்கிறார்கள். எப்படித் திருத்துவது?
- வாசகி, பாம்பன்

பதில்: அழட்டும், அது தப்பில்லை. அழுதபிறகு என்ன செய்கிறாள் என்பதுதான் நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில் எங்குமே இல்லை.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' (2016) முதல் பருவத்தின் 3ஆம் பகுதியை மறுபடி போட்டுப் பாருங்கள். காணாமல்போன மகன் விளக்குகள் வழியாகப் பேசுகிறான் என்று ஜாய்ஸ் நம்புகிறாள். ஆமாம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இரண்டுமுறை மினுக்கச் சொல்கிறாள். உயிரோடு இருக்கிறாயா? ஆமாம். பத்திரமாக இருக்கிறாயா? இல்லை. எங்கே இருக்கிறாய்? இதற்கு ஆமாம், இல்லை போதாது. உடனே சுவரில் எழுத்துகளைப் பெயின்டால் வரிசையாக எழுதி, எழுத்துக்கு ஒரு பல்பு தொங்கவிடுகிறாள். கண்ணீரோடுதான் செய்கிறாள், ஆனாலும் அடுத்த காட்சிக்குக் கதையை இழுத்துப்போவது அவள்தான்.

உங்கள் அம்மாவுக்கு முதலில் ஒரு தொழில் கொடுங்கள். மூங்கில் மிதவையில் கடல்பாசி வளர்ப்பு பொருத்தமாக இருக்கும். விதைப்பாசி கட்டியதிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 45 நாள். ஆறு பகுதிகளையும் அந்த 45 நாளுக்குள் அடக்கிவிடலாம். வந்திருப்பது மகனா என்று அவள் சோதிப்பதும் அங்கேயே நடக்கட்டும். பிறந்தநாள், பட்டப்பெயர் எல்லாம் தரவாக ஏற்றிவிடலாம், அதைக் கேட்டு ஏமாறும் காட்சி வேண்டாம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) அடங்கிக் கிடக்கும் என்பதும் ரோபோவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மகன், அம்மாவுக்கு முந்தித் தண்ணீரில் இறங்கி மிதவையின் கனமான பக்கத்தைப் பிடிப்பவன். இந்த ரோபோவோ கரையில் நின்று, சொன்னால் செய்யக் காத்திருக்கிறது. அவள் கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தால் போதும், வசனம் வேண்டாம்.

அடுத்தது உப்பு. கடற்காற்றில் மின் இணைப்பு முனைகள் அரித்துப்போகும், செம்பில் பச்சை பூக்கும். தினமும் நல்ல தண்ணீரில் துடைக்காவிட்டால் ரோபோவின் விரல் மூட்டு இறுகிவிடும் என்று வையுங்கள். குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் தண்ணீர் அது. வீட்டிலுள்ள மகளுக்கென்று வைத்திருந்த குடத்தை அம்மா இதற்குச் செலவழிக்கும்போது பாசமும் தவறும் ஒரே காட்சியில் வந்துவிடும். இந்தக் காட்சியை 3ஆம் பகுதியில் வைத்து, மகளையும் எதிர்த்துப் பேசவிடுங்கள்.

அம்மாவைத் தவறு செய்யவிடப் பயப்பட வேண்டாம். 'பிளாக் மிரர்' தொடரின் 'ஆர்க்ஏஞ்சல்' (2017) கதையில், குழந்தை ஒருமுறை கண்ணுக்குத் தப்பிய பயத்தில் தாய் அவள் தலையில் சில்லு பதிக்கிறாள். பயமுறுத்தும் எதையும் அந்தச் சில்லு மறைத்துவிடுவதால், குரைக்கும் நாய்கூட மங்கலாகத்தான் மகளுக்குத் தெரிகிறது. பயம் நியாயமானது என்பதால்தான் பின்னால் வரும் விபரீதம் நம்மை அசைக்கிறது.

அதற்காகத் துக்கத்தை அடியோடு வெட்டிவிடாதீர்கள். 'டாக்டர் ஹூ' தொடரின் 2011 பருவத்தில், டாக்டரோடு பயணிக்கும் ஏமியின் கைக்குழந்தை பறிபோகிறது. சில பகுதிகளிலேயே அவள் வேறு சாகசங்களில் இறங்கிவிடுகிறாள். பெற்ற வலி எங்கே போனது என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் தொடரில் ஒரே ஒரு நீண்ட அழுகையை 5ஆம் பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படப்பிடிப்புக்கு மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போய்விட வேண்டாம். 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. கரையோரம் மிதவை போட்டிருக்கும் அக்காமார்களிடம் முன்கூட்டியே கேட்டு, அறுவடை நாளன்று போய் எடுங்கள்.