பின்முற்றத்தில் இன்னொரு வீடு: கலிபோர்னியா வாசகர்கள் கேட்டவை

கே: அம்மா அப்பா எங்களோடு இருப்பதற்காகப் பின்முற்றத்தில் 780 சதுர அடியில் தனி ஏ.டி.யூ. (வீட்டு மனையிலேயே கூடுதலாகக் கட்டும் சிறு வீடு) கட்டப் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்தால் சிட்டி நிறுத்திவிடுமா? வேலியிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும்?
— வாசகர், சான் ஹோசே

ப: ஆட்சேபனைக்காக நிறுத்த முடியாது. ஏ.டி.யூ. விண்ணப்பத்துக்குப் பொது விசாரணை கிடையாது. விதிக்குள் வருகிறதா என்று மட்டும்தான் சிட்டி பார்க்கலாம். ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ‘முழுமையாக’ என்பதில்தான் பலருக்கும் மாதங்கள் போகின்றன. மனைப்படம், கட்டமைப்புக் கணக்கு, மாநில விதியான டைட்டில் 24-இன்படி எரிசக்தி அறிக்கை ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும்.

முதலில் அளவை 740 சதுர அடியாகக் குறைத்துவிடுங்கள். 750க்குக் கீழே இருந்தால் வளர்ச்சிக் கட்டணம் (இம்பாக்ட் ஃபீ) கிடையாது. அந்த 40 சதுர அடிக்காக அந்தக் கட்டணத்தைச் செலுத்துவது வீண். பள்ளி மாவட்டக் கட்டணம் வேறு கணக்கு, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டிலும் பின்னாலும் 4 அடி விட்டால் மாநிலச் சட்டத்துக்குப் போதும். ஆனால் அது வேலியிலிருந்து அல்ல, மனையின் எல்லைக்கோட்டிலிருந்து அளக்க வேண்டிய 4 அடி. வேலி பல இடங்களில் எல்லைக்கோட்டிலிருந்து தள்ளி நிற்கும். சர்வேயரை வைத்து அளந்துவிட்டுத் தொடங்குங்கள். இடம் இருந்தால் 5 அடி விடுவதே நல்லது. தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லாத கட்டிடத்தில் சுவர் எல்லைக்கு 5 அடிக்குள் வந்தால் அது ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் சுவராக இருக்க வேண்டும். ஜன்னல்கள் சுவரின் பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய ஜன்னல் வேண்டுமானால் அந்த ஓர் அடியைக் கொடுப்பது லாபம்.

இன்னும் இரண்டைப் படம் வரையும் முன்பே பாருங்கள். ஒன்று, ஈஸ்மென்ட். மின்கம்பிக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ மனையின் பின்பக்கம் ஒதுக்கிய பட்டை இருந்தால், 4 அடி விதியைக் காட்டி அதன்மேல் கட்ட முடியாது. வீடு வாங்கியபோது வந்த டைட்டில் ரிப்போர்ட்டில் (சொத்துரிமை அறிக்கை) அது இருக்கும். இரண்டு, கழிவுநீர்க் குழாயின் சரிவு. அடிக்குக் கால் அங்குலம் என்றால், 80 அடி ஓட்டத்துக்கு 20 அங்குலம் கீழிறங்க வேண்டும். தெருப்பக்கக் குழாய் அந்த ஆழத்தில் இல்லையென்றால் பம்பு வைக்க நேரிடும். பழைய வீட்டுக் குழாயில் கேமரா விட்டுப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

கே: கராஜை வீடாக்க டிரைவால் (ஜிப்சம் பலகை) அடித்து கார்பெட் போட்டால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். காரை எங்கே நிறுத்துவது என்றும் சிட்டி கேட்குமாமே?
— வாசகர், ஃப்ரீமாண்ட்

ப: கார் விஷயத்தில் கவலை வேண்டாம், ஏ.டி.யூ.வாக மாறும் கராஜுக்கு மாற்று நிறுத்துமிடம் கேட்க முடியாது. கராஜ் இப்போது எல்லையை ஒட்டி நின்றாலும் அதே சுவர்களுக்குள் மாற்றலாம்.

டிரைவால் பேச்சை மட்டும் நம்பாதீர்கள். கராஜ் தரை கதவுப் பக்கம் சரிந்திருக்கும், பழைய ஸ்லாபுக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாளும் இல்லாமல் இருக்கலாம். அதன்மேல் கார்பெட் போட்டால் பூஞ்சைதான் மிஞ்சும். பெரிய கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பும் இடத்தில் பல கராஜ்களில் அடித்தளமே இருக்காது. அங்கே தோண்டி ஃபூட்டிங் போட்டாக வேண்டும். கூரை உயரம் குறைந்தது 7 அடி. படுக்கையறை ஜன்னல் தீ விபத்தில் வெளியேறும் வழி: திறக்கும்போது கிடைக்கும் வெட்டவெளி தரைத்தளத்தில் 5 சதுர அடி, உயரம் 24 அங்குலம், அகலம் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 20க்கு 24 மட்டும் வைத்தால் மூன்றரைச் சதுர அடிகூட வராது, அதனால் அகலம், உயரம் இரண்டில் ஒன்றையாவது அதிகமாக்கித்தான் வாங்க வேண்டும். ஜன்னலின் அடி விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கடையில் வாங்கிய பிறகு அளந்து பார்க்காதீர்கள்.

முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் கான்ட்ராக்டர் கேட்பது சட்டப்படி தவறு.

கே: எங்கள் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) ஏ.டி.யூ.வுக்கு ‘அனுமதியில்லை’ என்று எழுதியே கொடுத்துவிட்டது.
— வாசகி, இர்வைன்

ப: தனி வீட்டு மனையில் ஏ.டி.யூ.வை அடியோடு தடுக்கும் எச்.ஓ.ஏ. விதி மாநிலச் சட்டப்படி செல்லாது. நிறம், கூரைப் பொருள் போன்ற நியாயமான நிபந்தனைகள் போடலாம். மறுப்பு எழுத்தில் இருப்பது உங்களுக்கு நல்லதே. எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்.

கே: கட்டினால் வீடு முழுவதற்கும் சொத்து வரி புதிதாகப் போடுவார்களா?
— வாசகர், சான் டியேகோ

ப: இல்லை. புதிதாகக் கட்டிய பகுதிக்கு மட்டும் மதிப்பிட்டுக் கூட்டுவார்கள். பழைய வீட்டின் மதிப்பு பிராப் 13 (வரிக்கான சொத்து மதிப்பு உயர்வுக்கு வரம்பு போடும் மாநிலச் சட்டம்) பாதுகாப்பில் அப்படியே இருக்கும். வேலை முடிந்த பிறகு இடைக்கால வரி பில் ஒன்று தனியாக வரும், அதற்குப் பணம் எடுத்து வையுங்கள்.