கேள்விக்கு என்ன விலை? – சிங்கம் சொந்த ஊருக்குப் போன கதை

(1999 முதல் 2014 வரை இலங்கை மலையகத்து ஹட்டனில் சீடிக் கடை வைத்திருந்தவர் பதில் சொல்கிறார். 'மடகாஸ்கர்' கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பள்ளி விடுமுறையில் டீவியில் போட்டார்களாம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.)

படம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, சிங்கக்குட்டியை வேட்டைக்காரர்கள் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகிற இடத்தில் என் ஏழு வயது மகள் அழத் தொடங்கிவிட்டாள். டீவியை நிறுத்திவிட்டேன். "நெசமாவே அப்படிப் பிடிப்பாங்களா?" என்று இரண்டு நாளாகக் கேட்கிறாள். மீதியைக் காட்டலாமா?
– ஒரு தாய், கொட்டகலை

காட்டுங்கள் தங்கச்சி. பாதியில் நிறுத்தியதால்தான் இரண்டு நாள் அழுகிறாள். அப்பா சிங்கம் பெட்டியைத் துரத்திக்கொண்டு ஓடும், காதில் குண்டு உரசும், விழும். அதோடு டீவி அணைந்தால் அவள் மனதில் அந்த அப்பா விழுந்தபடியே அல்லவா கிடப்பார்? முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்பா சாகவில்லை, குட்டி வளர்ந்து திரும்பி வரும் என்று. கதையை உடைக்கிறோமே என்று கவலைப்பட வேண்டாம். முடிவு தெரிந்தால் பிள்ளைகள் இன்னும் ஆசையாகத்தான் பார்க்கும். கடையில் ஒரே படத்தைப் பதினோரு முறை வாடகைக்குக் கொண்டுபோன பையனை எனக்குத் தெரியும்.

"நெசமாவே பிடிப்பாங்களா" என்பதற்கும் பொய் சொல்லாதீர்கள். நம் பக்கம் பெட்டியோ துப்பாக்கியோ கூட வேண்டாம், மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பி ஒன்று போதும். மரக்கறித் தோட்டத்துக்கு வரும் பன்றிக்கு வைக்கிற சுருக்கில் சிறுத்தை மாட்டிக்கொள்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படித்தான் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. உயிரோடு மீட்டுக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துப்போனது. ஏழு வயதுக்கு இவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை. கம்பி கட்டுகிறவர் உங்கள் லயத்தில் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

ஆற்றை நம்பி இருக்கிற குட்டை திடீரென்று வற்றிப்போகிறது. காரணம், மேலே நாலு சுற்றுலாப் பயணிகள் மரக்கட்டையால் அணை கட்டியதுதானாம். நம்புகிற மாதிரி இல்லையே?
– பத்தாம் ஆண்டு மாணவன், தலவாக்கலை

தம்பி, நீ எந்த ஊரிலிருந்து இதைக் கேட்கிறாய் என்று யோசித்தாயா? மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் ஓடத் தொடங்கிய பிறகு சென்கிளயார் நீர்வீழ்ச்சி எப்படி இருக்கிறது என்று உங்கள் தாத்தாவைக் கேள். மஸ்கெலியாவில் அணை கட்டியதில் ஒரு நகரமே தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வறட்சியில் அந்த மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். ஜனங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

அவ்வளவு பெரிய அணையும் வேண்டாம். எங்கள் லயத்துக்கு ஒரே பீலி. ஒரு மாசி மாதம் காலையில் பார்த்தால் மூங்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இருபத்து நாலு வீட்டுக் குடமும் வரிசையில் காத்திருக்கிறது. காட்டேறி குடித்துவிட்டது என்றார் ஒருவர், காமன் கூத்து ஆடுகிற பொட்டலில் குறை வைத்ததுதான் காரணம் என்றார் இன்னொருவர். கடைசியில் இரண்டு பொடியன்கள் மேலே ஏறிப் போய்ப் பார்த்தார்கள். ஊற்றுக்கண்ணில் யாரோ ஒரு கோணிப்பையையும் இரண்டு கல்லையும் வைத்து அடைத்துத் தன் கோவாப் பாத்திக்குக் குழாய் போட்டிருந்தார். காட்டேறிக் கட்சிக்காரரேதான்.

படத்திலும் இதுதான் நடக்கிறது. எரிமலைக்குப் பலி கொடுத்தால் தண்ணீர் வரும் என்கிறது ஜூலியன் என்ற லெமூர் ராஜா. ஒட்டகச்சிவிங்கி பாவம், எப்படியும் சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு பலியாகக் கிளம்பிவிடுகிறது. சிங்கமும் அதன் சிநேகிதன் வரிக்குதிரையும்தான் மேலே போய்ப் பார்க்கிறார்கள். படத்தில் நம்ப முடியாத சங்கதி வேறு எத்தனையோ இருக்கிறது. பிளேனைக் கவணில் வைத்து விடுகிறார்கள், அதை விட்டுவிட்டாயே!

அந்த ராஜா குரங்கு லெமூர் இனம் என்கிறார்கள். நம் லெமூரியாக் கண்டத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? என் பேரன் சிரிக்கிறான்.
– ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர், பொகவந்தலாவை

பேரன் சிரித்தது தப்பு ஐயா. தொடர்பு இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற திசையில் இல்லை. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு ஒரு குழப்பம். லெமூர் மடகாஸ்கரில் இருக்கிறது, அதன் சொந்தக்காரர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள், நடுவில் இவ்வளவு கடலைத் தாண்டியது எப்படி? இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த மிருகத்தின் பெயரிலேயே லெமூரியா என்று வைத்தார். நம்மவர்கள் பிறகு அதைக் குமரிக்கண்டத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆக, அந்தக் குரங்கின் பெயரைத்தான் நாம் கண்டத்துக்குச் சூட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது என்று பிற்பாடு விளங்கியது. கோண்டுவானா என்ற பெருநிலத்தில் இலங்கையும் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவை. அந்த வகையில் உங்களுக்கும் ஜூலியனுக்கும் பக்கத்துத் தோட்டம்தான். அதன் சொந்தக்காரரைப் பார்க்க ஆசையிருந்தால் ஹோட்டன் சமவெளிக் காட்டில் தேவாங்கு இருக்கிறது. இராத்திரியில்தான் வெளியே வரும், ஆளைப் பார்த்தால் ஆடாது.

அண்ணே, எல்லாரும் முதல் பாகம்தான் படம், இரண்டாவது சும்மா காசுக்கு எடுத்தது என்கிறார்கள். நீங்கள் மட்டும் எப்போது பார்த்தாலும் இரண்டாம் பாகத்தைத் தூக்கிப் பிடிக்கிறீர்களே, ஏன்?
– கொழும்பில் கடையில் வேலை செய்யும் மஸ்கெலியாப் பிள்ளை

காசுக்குத்தான் எடுத்தார்கள் தங்கச்சி, அதில் சந்தேகமே வேண்டாம். முதல் பாகம் 2005, இது 2008. எரிக் டார்னெல், டொம் மெக்ராத் என்ற அதே இரண்டு பேர்தான் டைரக்‌ஷன். சிரிப்பு முதல் பாகத்தில்தான் கூட, அதையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவதில் நீர்யானையின் காதல் கதையை அப்படியே வெட்டி எறிந்தாலும் எனக்கு நட்டமில்லை.

முதல் பாகத்தில் நியூயோர்க் மிருகக்காட்சிசாலையில் வளர்ந்த நாலு மிருகங்கள் மடகாஸ்கரில் போய் ஒதுங்கித் தவிக்கின்றன. வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் கதை. இரண்டாவதில் அந்த வீட்டுக்குப் போகக் கிளம்பிய ஓட்டைப் பிளேன் ஆபிரிக்காவில் விழுகிறது. விழுந்த இடம்தான் அலெக்ஸ் சிங்கம் பிறந்த ஊர்! அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், உள்ளங்கை மச்சத்தைப் பார்த்து நம்ம பிள்ளைதான் என்று கட்டிப்பிடிக்கிறார்கள். வேறு படமாக இருந்தால் அதோடு வணக்கம் போட்டிருப்பார்கள். இதில் அதற்குப் பிறகுதான் தொல்லையே. பிறந்தவன் என்றால் போதாது, மற்றச் சிங்கத்தோடு மோதிக் காட்டு என்கிறார்கள். இவனுக்குத் தெரிந்தது மிருகக்காட்சிசாலையில் தினமும் ஆடிய ஆட்டம் மட்டும். இது ஏதோ ஆட்டப் போட்டி என்று நினைத்து ஊர் நடுவில் நின்று ஆடுகிறான். அடி விழுகிறது.

அந்த இடத்தில் எனக்கு என் அத்தையின் ஞாபகம் வரும்.

1964 ஒப்பந்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து பேசி, நம் இந்திய வம்சாவளி ஜனங்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று எழுதினார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை என்ன செய்வதென்று 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி என்றார்கள். அத்தை போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஆறு. ஹட்டன் ஸ்டேஷனில் ஏற்றினோம். அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். என் தாத்தா அம்மிக்கல்லையும் கொண்டுபோக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தூக்க முடியவில்லை. கடைசியில் குழவியை மட்டும் சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் அம்மி, இராமேஸ்வரத்துக்குப் போன கப்பலில் குழவி. அப்பா ஆற்றில் இறங்கி நீளவாக்கில் ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்தார். அம்மா அதில்தான் அரைத்தார்.

"சொந்த ஊர்" என்று அத்தையை அனுப்பிவைத்தார்கள். துறையூர்ப் பக்கம் யாரோ பங்காளி. அத்தை ஒரு நாள்கூடக் கண்ணால் பார்க்காத ஊர். போன வாரமே கடைக்குப் போய் "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். நம் பாணுக்கு அங்கே பிரெட் என்று பெயர். "பானையா? கொசவன் வீடு அந்தத் தெரு" என்று கடைக்காரர் கை காட்டினாராம். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்களாம். கடிதத்தில் இதை எழுதியிருந்தார். அப்பா வாசித்துக் காட்டியபோது நாங்களும் சிரித்தோம். அங்கே அவருக்குச் சிலோன்காரி என்று பெயர். இங்கே இருந்தவரை கள்ளத்தோணி என்றார்கள். அப்புறம் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கே போய்விட்டார். கொழுந்து கிள்ளுகிற கைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2009இல் எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு டீவியும் டிவிடி பிளேயரும் வாடகைக்குக் கொண்டுபோயிருந்தேன். இரண்டு ரஜினி படத்துக்கு நடுவில் பிள்ளைகளுக்காக இதைப் போட்டேன். இங்கிலீஷ் படம், அதனால் மைக்கைப் பிடித்து நானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நள்ளிரவுக்குள் பிள்ளைகள் சாக்கில் சுருண்டு தூங்கிவிட்டன, பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் பெரிய ஆட்கள். தோற்ற பிள்ளையை ஊரை விட்டுத் துரத்த வேண்டும் என்பது சிங்கங்களின் சட்டம். ராஜாவான அப்பா, துரத்த மாட்டேன், பதவியே வேண்டாம் என்று இறங்கிவிடுவார். அந்த அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் பெர்னி மெக். படம் நவம்பரில் வெளியாவதற்கு முன்பே, ஆகஸ்டில், இறந்துபோனார். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். அந்த இடத்தில் மைக்கை இறக்கி அவரையே பேச விட்டேன். முன்னால் இருந்த ஒரு கிழவி திரும்பிக் கேட்டார்: "தம்பி, அந்தப் பய எந்த ஊருக்காரன்னு சொன்னே?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ரெண்டும்தான் பாட்டி" என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு மறுபடியும் டீவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் பாகம் 2012இல் வந்தது. அதில் ஒருவழியாக நியூயோர்க்குக்குத் திரும்பிப் போகிறார்கள். போய்ப் பார்த்தால் மிருகக்காட்சிசாலை சின்னதாகத் தெரிகிறது. அத்தையும் அதே வருஷம்தான் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்தார். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு. அழுவார் என்று எல்லாரும் தயாராக இருந்தோம். நேரே அடுப்படிக்குப் போனார். அம்மியின் மேல் கிடந்த ஆற்றுக்கல்லை எடுத்துப் பார்த்தார். நாலு மிளகாயை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். "குழவி ஒங்ககிட்டதானே இருக்கு, கொண்டாந்திருக்கலாம்ல அத்த?" என்றேன்.

"எதுக்கு? இதுவே நல்லாத்தானே அரைக்குது" என்றார்.

வரிக்குதிரைக் கூட்டத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருக்க, தன் சிநேகிதனை அலெக்ஸ் எப்படிக் கண்டுபிடித்தது? டியூஷன் வகுப்பில் பந்தயம்.
– நுவரெலியா

பின்பக்கத்துப் பல் தடத்தை வைத்து. முதல் பாகத்தில் அலெக்ஸே கடித்தது. உண்மையான வரிக்குதிரைகளில் ஒன்றின் கோடு மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை போலத்தான். பந்தயப் பணத்தில் எனக்கு ஒரு பிளேன்டீ.

பென்குயின் ஆபிரிக்காவில் இருக்கிறதா? அது பனிப் பிரதேசத்துப் பறவை அல்லவா?
– இராகலை

இருக்கிறது. தென்னாபிரிக்கா, நமீபியாக் கடற்கரையில் ஒரு இனம் கழுதை மாதிரிக் கத்திக்கொண்டு வாழ்கிறது. படத்தில் வருகிறவை நியூயோர்க்கிலிருந்து போனவை, அந்தச் சொந்தக்காரரைத் தேடிப் போகவே இல்லை.

உங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி எது?
– ஒரு தோட்டத் தலைவர், அக்கரப்பத்தனை

பிளேன் திருத்துகிற சிம்பன்சிகள் பிரசவ விடுமுறை கேட்டு வேலை நிறுத்தம் செய்கிற இடம். எல்லாரும் ஆம்பிளைகள்தானே என்று பென்குயின் கப்டன் கத்தும். திருவிழா அன்றைக்கு "வேலை நிறுத்தம்" என்று நான் மைக்கில் சொன்னதுதான் தாமதம், தொழிற்சங்கத்துக்காரரான எங்கள் தோட்டத் தலைவர் எழுந்து கை தட்டிவிட்டார். கோரிக்கை என்னவென்று பிறகுதான் கேட்டார்.