நெல்லியில் புல்லுருவி: தீ வைக்கலாமா?

கேள்வி: சத்தியமங்கலம் மலையில் எங்கள் ஊர் வன உரிமைக் குழுவில் இருக்கிறேன். புல்லுருவி ஏறிக் காட்டு நெல்லி மரங்கள் பட்டுப்போகின்றன. முன்பு போலத் தரைத்தீ வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் சோளகர் பழங்குடிப் பெரியவர்கள். தீயே கூடாது என்கிறது வனத்துறை. காயை அதிகம் பறிப்பதுதான் காரணம் என்கிறார் ஆய்வுக்கு வந்த மாணவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: எல்லைக்கு அந்தப்பக்கம், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் இதே பஞ்சாயத்துதான். அங்கே சோளகர்கள் கோடையின் தொடக்கத்திலேயே வைத்துவந்த சருகுத்தீக்குப் பெயர் ‘தரகு பெங்கி’. சருகு மட்டும் கருகும், மரம் தப்பிக்கும். 1974-இல் காடு சரணாலயமானதும் அந்த வழக்கம் நின்றது. அதன் பிறகுதான் உண்ணிச்செடியும் புல்லுருவியும் பெருகின என்பது அவர்கள் கணக்கு.

பெரியவர்கள் சொல்வதில் முக்கியமானது தீ அல்ல, காலம். இன்று உண்ணிப் புதர் ஆளுயரம் நிற்கிறது. அதில் மார்ச் மாதம் பற்றினால் தீ மரக்கிளைவரை ஏறும். சரணாலயத்துக்குள் தீ வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. ஆகவே தீயைப் பற்றி வனத்துறையோடு உட்கார்ந்து பேசுங்கள், நீங்களாக வைக்காதீர்கள்.

புல்லுருவியை அறுக்க அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்றுவிட்டுப் பிசுபிசுத்த விதையைக் கிளையில் ஒட்டிவிட்டுப் போகும். முளைத்த வேர் மரத்துக்குள் இறங்கித் தண்ணீரை உறிஞ்சும். (பச்சை இலை இருப்பதால் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். நம் ஊரில் ஆட்களைத் திட்ட அதன் பெயரைச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான்.) கையால் பிய்த்தால் உள்ளே இருக்கும் வேர் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே, கிளையோடு சேர்த்து அறுக்க வேண்டும். நடுமரத்தில் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், அறுத்தால் மரமே போய்விடும்.

மாணவர் சொன்னதையும் தள்ளாதீர்கள். காய்க்காகக் கிளையை வெட்டினால் மரம் நலிகிறது. தரையில் காய் மிஞ்சாவிட்டால் புள்ளிமானுக்கும் கேளையாட்டுக்கும் தின்ன இல்லை, கொட்டையைப் பரப்பவும் ஆளில்லை. எது எவ்வளவு என்பதை உங்கள் காட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம். பெரியவர்கள் காட்டும் நாற்பது மரங்களுக்கு எண் போடுங்கள். இருபதில் புல்லுருவியை அறுங்கள், இருபதை அப்படியே விடுங்கள். எந்த இருபது என்பதைச் சீட்டுப் போட்டு எடுங்கள். நல்ல மரமாகப் பார்த்து எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும். பறிப்புக்கு முன் காயையும், மழைக்குப் பின் மரத்தடியில் கன்றுகளையும் மூன்று வருடம் எண்ணி, ஒரே நோட்டில் எழுதுங்கள். 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. கிராம சபைத் தீர்மானமாக எழுதி, நகலை வனச்சரகரிடம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிப்ரவரி வாக்கில் போங்கள். நெல்லி இலை உதிர்த்து நிற்கும்போது புல்லுருவி மட்டும் பச்சையாகத் தெரியும், கீழிருந்தே எண்ணிவிடலாம்.