மோகனாம்பாள் மேடையேறினால் ஓடுமா?

வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு நாடகக் குழு 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை, நாயனக்காரன் சண்முகசுந்தரமும் நாட்டியக்காரி மோகனாவும் போட்டி போட்டுக்கொண்டே காதலிக்கும் அந்தக் கதையை, இசை நாடகமாக்கி மேடையேற்றப் போகிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து கடிதம் வந்தபடியே இருக்கிறது. கோப்பிக் கடையிலும் பேச்சு அதுதான், பசார் மாலாமில் கீரை வாங்கும் இடத்திலும் அதுதான். நாடகம் பார்த்துப் பழகிய ஊர் இது, அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே இந்த முறை எல்லாக் கேள்வியும் மோகனாம்பாளைப் பற்றித்தான்.

டீச்சர், அந்தப் படத்தை நினைத்த நேரத்தில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். சிவாஜியும் பத்மினியும் செய்ததை நம் பிள்ளைகள் செய்துவிட முடியுமா? 30 வெள்ளி கொடுத்து யார் வருவார்கள்?
(வாசகர், சுங்கை சிப்புட்)

முடியாது ஐயா. அதற்கு முயலவும் கூடாது. சிவாஜி மாதிரி கழுத்து நரம்பு புடைக்க, புருவம் ஏற்றி ஒருவர் நடித்துக் காட்டினால், முதல் ஐந்து நிமிடம் கைதட்டுவோம். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் படத்தையே பார்க்கலாம் என்று தோன்றிவிடும்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். படத்தில் சிக்கல் சண்முகசுந்தரமாக நடித்தவர் சிவாஜி. நாயனம் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் அந்த இரண்டையும் ஒட்டிவிடலாம். மேடையில் ஒட்ட முடியாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் பாட்டி, தோட்டக் கோயிலில் எத்தனை மேளக்காரர்களைப் பார்த்தவர்! விரல் துளையில் பொய்யாக நகர்ந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

குழுவுக்குள்ளேயே இதில்தான் சண்டை. நல்ல நடிகரைப் போட்டு, வித்துவானைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லலாம் என்பது ஒரு கட்சி. வித்துவானையே சண்முகசுந்தரமாகப் போட வேண்டும், வசனம் தடுமாறினாலும் பரவாயில்லை என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. வசனத்தில் பாதியை வெட்டிவிடுங்கள். அவன் கோபக்காரன், அதிகம் பேசவே வேண்டாம். நாயனக்காரன் வாயால் பாடவும் முடியாது, அவன் பாட்டெல்லாம் அந்தக் குழலில்தான். கதாநாயகன் ஒரு வரிகூடப் பாடாத இசை நாடகம் என்பதே பார்க்க வேண்டிய விஷயமில்லையா?

போன வாரம் ஒத்திகைக்குப் போயிருந்தேன். ஈப்போவிலிருந்து ஒரு வித்துவான் வந்திருந்தார். வாசிக்கும் முன்னால் சீவாளியை, அதுதான் நாயனத்தின் நுனியில் செருகி ஊதும் நாணல் துண்டை, வாயில் வைத்து நனைத்தார், ஊதிப் பார்த்தார், பிடிக்கவில்லை. நாயனத்தில் கட்டித் தொங்கிய கொத்திலிருந்து வேறொன்றை எடுத்தார். அதன் வாயை ஊசியால் மெல்ல விரித்து, மறுபடி நனைத்தார். மோகனாவாக நடிக்கும் பெண் சலங்கை கட்டியபடி எதிரே நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஆனால் அவர் அவசரப்படாமல் சீவாளி பார்க்கப் பார்க்க, அவள் முகத்தில் கோபம் ஏறியதை நான் பார்த்தேன். 'என்னைக் காக்க வைக்கிறாயா?' என்ற கோபம். அதுதானே மோகனாம்பாள்! 30 வெள்ளி அதற்கு.

வித்துவானுக்கு நடிப்பு சுத்தமாக வராது என்றால் அப்போதும் அவரைத் திரைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். நடிகரோடு மேடையிலேயே நிற்க வையுங்கள். 'தி லயன் கிங்' 1994-இல் கார்ட்டூன் படமாக வந்து, 1997-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்குப் போனது. இயக்குநர் ஜூலி டேமோர் மிருக முகமூடியை நடிகரின் தலைக்கு மேல் வைத்தார், கீழே மனித முகமும் அப்படியே தெரிந்தது. எதையும் மறைக்கவில்லை. சிங்கத்தையும் பார், அதை ஆட்டுகிற ஆளையும் பார் என்று விட்டுவிட்டார். இன்றும் அது ஓடுகிறது.

பெரிய படத்தின் பெயர் இருந்தால் பாதி வெற்றி என்கிறார்களே?
(வாசகி, கோல கங்சார்)

முதல் நாள் டிக்கெட் விற்கப் பெயர் போதும். 'கேரி' 1976-இல் வெற்றிப் படம். 1988-இல் பிராட்வேயில் இசை நாடகமாக வந்து, முறைப்படி திறந்தபின் 5 காட்சியோடு மூடிவிட்டார்கள். 'கிங் காங்' 2018 நவம்பரில் 20 அடி உயரக் குரங்குப் பொம்மையோடு திறந்தது. பொம்மையை எல்லாரும் புகழ்ந்தார்கள், கதையையும் பாட்டையும் அப்படிப் புகழ ஆளில்லை. அடுத்த ஆகஸ்டில் முடிந்தது.

நாடகம் படமானதைக் கேட்டிருக்கிறோம். படம் நாடகமாவது தலைகீழாக இருக்கிறதே, டீச்சர்? நான் சின்ன வயதில் தோட்டத்தில் கூத்துப் பார்த்தவன். எனக்கு இது ஒட்டவில்லை.
(ஓய்வு பெற்ற கிராணி, பாரிட் புந்தார்)

உங்கள் சந்தேகம் நியாயம்தான் ஐயா. 'பராசக்தி', 'ரத்தக்கண்ணீர்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எல்லாமே மேடையில் நடந்துவிட்டுத் திரைக்குப் போனவை. நம் பழக்கம் அது.

ஆனால் இந்தப் படத்தைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை. படமாக்கிய ஏ.பி. நாகராஜன் நாடகக் குழுவில் வளர்ந்தவர். சிவாஜி, பாலையா, மனோரமா எல்லாரும் மேடையில் கால் தேய்ந்தபிறகு சினிமாவுக்கு வந்தவர்கள். 1968-இல் அது திரைக்குப் போனபோதே மேடை அதற்குள் இருந்தது.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். நம் படங்களில் பாதிப் பாட்டை எடுத்துவிட்டாலும் கதை நகரும். கதாநாயகனும் நாயகியும் எங்கோ மலையில் ஆடிவிட்டுத் திரும்பி வருவார்கள், விட்ட இடத்திலேயே கதை நிற்கும். அப்படிப்பட்ட படத்தை மேடைக்குக் கொண்டுவந்தால், பாட்டு வந்ததும் ஜனங்கள் தேத்தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். 'நலந்தானா' பாட்டை எடுத்துவிட்டுக் கதை சொல்ல முடியுமா? காயம்பட்டவன் பிழைத்து வந்து சபையில் உட்கார்ந்திருக்கிறான். அத்தனை பேர் நடுவில் அவள் வாய்விட்டு எப்படிக் கேட்பாள்? ஆட்டத்துக்குள் வைத்துக் கேட்கிறாள், அவன் நாயனத்தில் பதில் சொல்கிறான். பேச முடியாத இடத்தில்தான் அந்தப் பாட்டே பிறக்கிறது. இசை நாடகத்துக்கு வேண்டியது அதுதான். அதனால்தான் இந்தக் குழு சரியான படத்தை எடுத்திருக்கிறது என்று எல்லாரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

செலவு கட்டுப்படியாகுமா? மைனஸ் ஒன், அதாவது குரல் இல்லாத பதிவு இசை, போட்டுப் பாடினால் போதாதா?
(வாசகி, தைப்பிங்)

போதாதும்மா. செலவு எனக்கும் தெரியும். ஆனால் வேறெதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம். செட்டே இல்லாமல் கோயில் தூண் இரண்டு வைத்து நடத்துங்கள், பட்டுப் புடவை இரவல் வாங்குங்கள்.

போட்டிக் காட்சியில் அவள் காலும் இவன் விரலும் ஒன்றையொன்று சீண்டிச் சீண்டித்தான் வேகம் ஏறும். பதிவு செய்த இசைக்குச் சீண்டவும் தெரியாது, காத்திருக்கவும் தெரியாது. நான் பார்த்த ஒத்திகையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு இடத்தில் அடவு பிசகியது. தவில்காரர் இன்னொரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, கூடப் போட்டார், அவள் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், வந்து சேர்ந்துகொண்டாள். பார்த்தவர்கள் அதை வேண்டுமென்றே செய்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். மைனஸ் ஒன் என்றால் அவள் மாட்டியிருப்பாள்.

சங்கரதாஸ் சுவாமிகள் வழி நாடகங்களில் ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்திலேயே இருப்பார். நடிகர் எங்கே நிறுத்தினாலும் பிடித்துக்கொள்வார். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடி நடித்தது அப்படித்தான். நமக்கு இது புதிய வித்தையில்லை.

நம் நாட்டில் படத்திலிருந்து வந்த இசை நாடகம் ஏதாவது ஓடியிருக்கிறதா?
(வாசகர், ஈப்போ)

ஓடியிருக்கிறது. 'புத்ரி குனோங் லேடாங்' 2004-இல் படம், 2006-இல் இஸ்தானா புடாயாவில் இசை நாடகம். தியாரா ஜேக்கலினா இரண்டிலும் இளவரசியாக நடித்தார். பார்த்தவர்கள் கேட்டதால் மறுபடியும் மேடையேற்றினார்கள். 'ஓலா போலா' 2016-இல் படம், 2018-இல் அதே அரங்கில் இசை நாடகம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நம் கால்பந்துக் குழுவை வைத்துச் செய்த கதை. கோல்கீப்பராக முத்து என்ற நம் பையன் வருவான், அந்நாள் கோல்கீப்பர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தை நினைவுபடுத்தும் பாத்திரம்.

இரண்டுக்கும் தலைநகரத்து அரங்கமும் பெரிய தயாரிப்பும் இருந்தன. நம் குழுவுக்கு அந்த அளவுகோல் வேண்டாம். இரண்டு இரவு மண்டபம் நிறைந்து, தெலுக் இந்தானிலிருந்து ஒரு கோயில் கமிட்டி "எங்கள் ஊருக்கும் வாருங்கள்" என்று போன் செய்தால் நான் அதை வெற்றி என்பேன்.

அந்த இரண்டு இரவை எப்போது வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டுபட்டு, நம் குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலாம், ஜோகூர் என்று போய்விட்டன. வருடத்தில் ஒருமுறை தீமிதிக்குப் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வருகிறார்கள். திருவிழாவுக்கு மறுநாள் இரவு வையுங்கள். அன்று ஊரில் ஆள் இருப்பார்கள், மனமும் நாயனச் சத்தத்துக்குப் பழகியிருக்கும். குழு தீபாவளி விடுமுறையில் வைக்கலாம் என்கிறது. வேண்டாம், அப்போது எல்லாரும் புதுப்படத்துக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு 19 வயது. என் தோழிகளில் பாதிப் பேருக்கு இந்தப் படமே தெரியாது. கதையை நம் தோட்டத்துக்கு மாற்றி, மோகனாவைப் பால்மரம் வெட்டுகிறவர் மகளாக்கினால் எங்களுக்கு நெருக்கமாக இருக்காதா?
(கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்)

ஆசையான யோசனைதான் கண்ணு. 'பில்லி எலியட்' என்று ஒரு படம், 2000-இல் வந்தது. 1984-85 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளி மகன் ஒருவன் பாலே நடனம் கற்கும் கதை. 2005-இல் எல்டன் ஜான் இசையில் லண்டன் மேடைக்குப் போய் 2016 வரை ஓடியது. அதில் அந்தச் சுரங்க ஊர் கதையிலேயே இருந்தது. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை.

மோகனாவைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் அவள் தாயார் வடிவாம்பாளை என்ன செய்வீர்கள்? பணக்கார மிராசுகளிடம் மகளை ஒப்படைத்துவிடத் துடிக்கும் அந்தத் தாய், அந்த ஊர், அந்தச் சாதி, அந்தக் கோயில் இல்லாமல் மோகனாவின் ரோஷத்துக்கு அர்த்தம் போய்விடும். கதை தஞ்சாவூர்ப் பக்கமே இருக்கட்டும்.

நம் தோட்டம் வேண்டும் என்றால் அதற்கு வேறு கதை இருக்கிறது, அதை நீ எழுது. சத்தியமாகச் சொல்கிறேன், நீ எழுதினால் முதலில் படிப்பவள் நானாக இருப்பேன். படம் பார்க்காத உன் தோழிகளைப் பற்றிக் கவலைப்படாதே. அவர்களுக்கு ஒப்பிட ஒன்றுமில்லை, அவர்கள்தான் இந்த நாடகத்துக்கு நல்ல பார்வையாளர்கள்.

ஜில் ஜில் ரமாமணி இல்லாமல் நான் வரமாட்டேன்.
(வாசகி, கம்பார்)

இருக்கிறாள், இருக்கிறாள். குழுவிடம் நானும் அதையே கேட்டேன். மனோரமா நடித்த நாடகக்காரி அவள். படத்தில் அவளுக்கு நாடகக் கொட்டகைப் பாட்டு இருக்கிறது, அவள் மனத்தைச் சொல்லும் பாட்டு இல்லை. சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டு அவள் உருகுகிறாளே, அந்த இடத்தில் புதிதாக ஒரு பாட்டு எழுதிச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். படத்தில் இல்லாததைச் சேர்ப்பது குற்றமாகாது. 'தி ப்ரொடியூசர்ஸ்' படத்தை எடுத்த மெல் புரூக்ஸ், மேடைக்காகத் தாமே புதுப் பாட்டுகள் எழுதினார். 2001-இல் அதற்கு 12 டோனி விருது, பிராட்வே நாடகங்களுக்குத் தரும் பெரிய விருது அது.

அனுமதி வாங்க வேண்டுமா? திருவிழாவில் எத்தனை படப் பாட்டுக்கு ஆடுகிறோம்!
(வாசகர், பாகான் செராய்)

வாங்கத்தான் வேண்டும். டிக்கெட் போட்டு முழுக் கதையை நடத்துவது வேறு. கதை, வசனம், பாட்டு எல்லாம் ஒரே கையில் இருக்காது, ஒவ்வொன்றுக்கும் யாரிடம் உரிமை இருக்கிறதோ அவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். குழு சென்னைக்குக் கடிதம் போட்டிருக்கிறது. பதில் வரும்வரை நோட்டீஸ் அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மண்டபத்துக் கூரை ஜிங்க். இரவு மழை பிடித்துக்கொண்டால் ஒன்றும் கேட்காதே, டீச்சர்?
(வாசகர், சுங்கை சிப்புட்)

நாயனமும் தவிலும் கேட்கும், அவை திறந்தவெளிக்கே பிறந்த வாத்தியங்கள். பாடும் பெண்ணுக்கும் வசனத்துக்கும்தான் மைக் வேண்டும். மாலை மழை பெரும்பாலும் எட்டு மணிக்குள் ஓய்ந்துவிடுகிறது, எட்டரைக்குத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு மழையைவிடப் பெரிய கவலை இரண்டாவது தவில். போட்டிக் காட்சிக்கு இரண்டு தவில் வேண்டும், ஒருவர்தான் கிடைத்திருக்கிறார். தவில் வாசிக்கத் தெரிந்து, வாரத்தில் இரண்டு இரவு ஒத்திகைக்கு வரக்கூடியவர் யாராவது பேராக்கில் இருந்தால் இந்த இதழின் அலுவலகத்துக்கு எழுதுங்கள், நான் குழுவிடம் சேர்த்துவிடுகிறேன்.