குடும்பத்தோடு மலையேறலாமா?

நம் ஊரில் சாமிதான் மலையேறும். இப்போது சென்னையில் பாதிக் குடும்பங்கள் மலையேறப் பார்க்கின்றன போலிருக்கிறது. நாங்கள் கோத்தகிரிக்குக் குடிவந்த கதையைப் போன மாதம் இந்தக் கேள்வி-பதில் பகுதியில் இரண்டு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். அதனால் சமையல் சந்தேகம், மாமியார் சந்தேகம் எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

அக்கா, எனக்கு 43 வயது. கணினி வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். மனைவி, எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 71 வயது அம்மா. ஒவ்வொரு மே மாதமும் ஊட்டி, குன்னூர் வருவோம். திரும்பிப் போகும்போது மனசு கனக்கும். இந்த வெயிலும் நெரிசலும் போதும், குன்னூரிலோ கோத்தகிரியிலோ வந்து இருந்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டேன். மனைவிக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம். என்ன சொல்கிறீர்கள்?
*- வேளச்சேரி வாசகர்*

தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். பனிமூட்டத்துக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், மனைவியின் தயக்கத்துக்கு ஒரே வரி. நான் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன்.

நாங்களும் ஒரு மே மாதத்தில்தான் முடிவெடுத்தோம். 2013. வில்லிவாக்கத்தில் குழாயடியில் நின்றுவிட்டு இங்கே வந்து இறங்கினால் காலையில் சில்லென்று காற்று, எதிரே தேயிலைச் சரிவு, வாசலில் ஹைட்ரேஞ்சியா. என் வீட்டுக்காரர் அன்றைக்கே வாடகைக்கு வீடு பேசிவிட்டார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தேனாகத்தான் போனது. ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது. விடவில்லை.

அந்த நவம்பரில் பதினோரு நாள் எங்கள் வீட்டில் ஒரு துணிகூடக் காயவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, குனிந்துதான் நடப்போம். பிள்ளைகளின் யூனிபார்மை இஸ்திரிப்பெட்டி வைத்தே காயவைத்தேன். தேய்க்கத் தேய்க்க ஆவி எழும்பும், கைவிட்டுப் பார்த்தால் இடுப்புப் பட்டி மட்டும் ஈரமாகவே இருக்கும். பீரோவைத் திறந்தால் என் கல்யாணப் பட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. மாவு புளிக்கவில்லை. மாமியார் மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல அடுப்பு மேடையில் கிடத்துவார். மறுநாள் காலை திறந்து முகர்ந்து பார்ப்பார், “இன்னும் எழுந்திருக்கல” என்பார். துவரம்பருப்பு சும்மா வேகவைத்தால் பாறாங்கல். கோத்தகிரி சுமார் 1800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம், பருப்புக்கு அந்தச் சூடு போதாது. குக்கர் இல்லாமல் மலையில் குடித்தனம் இல்லை.

வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தபடி “என்ன அழகு பார்” என்றார். மலையைத் தேர்ந்தெடுத்தது அவர், துணி காயவைத்தது நான். உங்கள் மனைவியின் தயக்கம் எதைப் பற்றியது என்று கேட்டுப் பார்த்தீர்களா? அவர் ஏற்கெனவே மனசுக்குள் கொடி கட்டிப் பார்த்திருப்பார்.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. நான் இன்னும் இங்கேதானே இருக்கிறேன். ஆனால் மே மாதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மே மாதத்து மலை, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் மாதிரி. நவம்பரில் வாருங்கள், குடும்பத்தோடு, லாட்ஜில் தங்காமல் சமையலறை உள்ள வீட்டில் மூன்று வாரம். சமைத்து, துவைத்து, கடைக்கு நடந்து பாருங்கள்.

எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். ஒரே மாவட்டம்தான், மழை ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர், ஊட்டியின் மேற்குப் பக்கமெல்லாம் ஜூன் முதல் தென்மேற்கு மழையில் நனையும். கோத்தகிரி, குன்னூருக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். குளிரும் அப்படியே. 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படியும். எங்களுக்கு அவ்வளவு இல்லை. வயதான அம்மா இருக்கிறார், எனவே ஊட்டியை விட இந்தப் பக்கம் தேவலாம்.

வேலை வீட்டிலிருந்து என்கிறீர்கள். காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் மின்கம்பியும் இணைய வயரும் சேர்ந்தே போகும். இன்வெர்ட்டர் கட்டாயம். இணைய இணைப்பு வேறு வேறு நிறுவனத்தில் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு பார்க்கும்போது கூடத்தில் நின்று போன் பேசிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு வளைவு தள்ளினால் சிக்னல் இருக்காது.

செலவு குறையும் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். கேரட்டும் பீட்ரூட்டும் இங்கேயே விளைகின்றன. அரிசி, எண்ணெய், சிமென்ட் எல்லாம் கீழேயிருந்து ஏறி வர வேண்டும், லாரி வாடகை நம் தலையில். ஸ்வெட்டர், கம்பளி, வெந்நீர் என்று புதுச் செலவுகள் வேறு.

கடைசியாக ஒன்று. எங்கள் முதல் வீட்டு உரிமையாளர் பத்து மாதம் தங்கமாக இருந்தார். மார்ச் பிறந்ததும், “சீசன் வருதுங்க, காட்டேஜா விடணும், இந்த மாசத்தோட காலி பண்ணிக் கொடுத்திடுங்க” என்றார். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். ஒப்பந்தம் எழுதியிருந்தோமா? இல்லை, வாய்ப்பேச்சுதான். நீங்கள் ஏப்ரல், மே இரண்டையும் குறிப்பிட்டே எழுதி வாங்குங்கள்.

கூடலூர் பக்கம் பத்து சென்ட் இடம், பார்க்க அழகாக இருக்கிறது, விலையும் மிகக் குறைவு என்று புரோக்கர் சொல்கிறார். வாங்கிப் போடலாமா?
*- திருப்பூர் வாசகர்*

விலை ஏன் அவ்வளவு குறைவு என்று புரோக்கரைக் கேட்டீர்களா?

கூடலூர், பந்தலூர் பகுதியில் ஜென்ம நிலம், அதாவது பரம்பரை உரிமையாக ஒரு குடும்பத்தின் கையில் இருந்த நிலம், என்று ஒரு பெரிய கதை இருக்கிறது. கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் வசம் இருந்த ஜென்ம நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969-ல் சட்டம் வந்தது. அதில் 17-வது பிரிவின் கீழ் வருகிற நிலங்களின் வழக்கு பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டே போனது. அந்த நிலத்தில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களே பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். ‘செக்சன் 17’ என்று அங்கே டீக்கடையில் சொன்னாலே பெருமூச்சு விடுவார்கள். திருப்பூரிலிருந்து போய் அதில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

மசினகுடி, சிகூர் பக்கம் காட்டினால் இன்னும் இரண்டு அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். அது யானை வழித்தடம். 2010-ல் அரசு அறிவித்ததை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பல ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்கப்பட்டதும் அங்கேதான்.

சரி, பட்டா சுத்தமாக இருக்கிறது, வேறு பக்கம் வாங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மலையில் நினைத்த மாதிரி வீடு கட்ட முடியாது. ‘ஹாக்கா’ என்று இங்கே எல்லாரும் சொல்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுவின் விதிகள் உண்டு. ஏழு மீட்டருக்கு மேல் உயரம் கூடாது. பொக்லைன் வைத்து மண்ணை வெட்டவும், போர் போடவும் அனுமதி வேண்டும். இதெல்லாம் தொல்லை என்று நினைக்காதீர்கள். 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது நான் வில்லிவாக்கத்தில் டிவியில் பார்த்தேன். இங்கே வந்த பிறகு, பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், ஒரு பெரியவர் எந்தச் சரிவு எந்த இரவில் இறங்கியது என்று கைத்தடியால் காட்டினார். அன்றிலிருந்து புதிதாக வெட்டிய செம்மண் சரிவைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இடம் பார்க்கப் போனால் மழைநாளில் போங்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, பாதை யாருடைய நிலத்தின் வழியாக வருகிறது, இந்த இரண்டையும் பாருங்கள். காட்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு மூட்டுவலி, வீசிங் இரண்டும் உண்டு. மலைக்காற்று நல்லது என்கிறார்களே?
*- மதுரை வாசகி*

காற்று நல்லதுதான், குளிரும் ஈரமும் சேர்ந்து வரும். என் மாமியாரின் முழங்கால் மழையை முதல்நாளே சொல்லிவிடும். வீசிங் உள்ளவர்களைச் சுவரில் பூஞ்சை படிகிற வீட்டில் வைத்தால் நிலைமை மோசமாகும். வெயில் விழுகிற, கிழக்குப் பார்த்த, சரிவின் மேல்பக்கத்து வீடாகப் பாருங்கள். வருவதற்கு முன் அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிடுவது முக்கியம்.

முன்பெல்லாம் கொஞ்சம் பெரிய நோய் என்றாலே ‘கீழே கொண்டு போ’ என்பார்கள். கீழே என்றால் இங்கே கோவை. 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், வளைவுப் பாதையில் ஒரு மணி நேரம் என்பதை மனதில் வையுங்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள், எஸ்டேட் நடுவில் வேண்டாம்.

வீட்டு வாசலுக்குச் சிறுத்தை வருமாமே? உண்மையா?
*- நங்கநல்லூர் வாசகி*

வரும். பெரும்பாலும் நாயைத் தேடி வரும். கரடி கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெயைக் குடிக்க வரும், ஆமாம், கதவை உடைத்துக்கொண்டு. எங்களுக்கு அன்றாடம் காட்டுமாடுதான். ஒரு நாள் பால் வாங்கக் கதவைத் திறந்தேன், வாசற்படியில் லாரி மாதிரி நின்றுகொண்டு என் பீன்ஸ் கொடியை மென்றுகொண்டிருந்தது. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், கதவைச் சாத்திவிட்டேன். அன்றைக்குக் கடுங்காப்பி. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள், குப்பையை ராத்திரி வெளியே வைக்காதீர்கள், கிட்டே போய் செல்ஃபி எடுக்காதீர்கள். அதன் வழியில் வீடு கட்டியது நாம்தானே.

குடிவந்துவிட்டால் இ-பாஸ் வேண்டுமா?
*- சேலம் வாசகர்*

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல், நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிந்து அனுமதி வாங்கும் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. டிஎன் 43 என்று தொடங்கும் நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு வேண்டாம், அரசுப் பேருந்துக்கும் வேண்டாம். உங்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு வேண்டும். அவர்களிடம் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சோதனைச் சாவடியில் வாங்கிக்கொள்வார்கள். என் நாத்தனார் மூன்று முறை குஞ்சப்பனையில் பாட்டிலைப் பறிகொடுத்திருக்கிறார், நான்காவது முறையும் கொண்டு வருவார்.

ஆன்ட்டி, நான் ஒன்பதாவது படிக்கிறேன். அப்பா மலைக்குப் போகலாம் என்கிறார். எனக்கு இஷ்டமே இல்லை. என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் இங்கேதான். யாரும் என்னைக் கேட்கவில்லை.
*- பெயர் வேண்டாம், அண்ணாநகர்*

கண்ணு, என் மகளையும் நாங்கள் கேட்கவில்லை. அவளும் அப்போது ஒன்பதாவதுதான். மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. வகுப்பில் எல்லாரும் தங்களுக்குள் படுக மொழியில் பேசுவார்கள், இவளுக்கு ஒன்றும் புரியாது. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள், அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

ஜனவரியில் கூடப் படித்த பெண் ஒருத்தி அவளைப் பேரகணி கிராமத்தில் நடக்கும் படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குக் கூட்டிப்போனாள். எங்கே பார்த்தாலும் வெள்ளை உடுப்பு. அந்த வீட்டுப் பாட்டி இவளுக்குத் தலையில் வெள்ளைத் துணி கட்டிவிட்டு, அவரைக் குழம்பும் சோறும் போட்டு, இவளுக்குப் புரியாத மொழியில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எனக்கு நாலு படுக வார்த்தை சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் மெல்ல மெல்லச் சரியானது. உனக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். என் மகன் இன்றைக்கும் வில்லிவாக்கம் கிரிக்கெட் மைதானத்தை நினைத்துப் புலம்புகிறான்.

இந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டு. பத்தாவது நடுவில் பள்ளி மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். ஒன்று, இந்தப் பரீட்சை முடிந்த கையோடு மாறட்டும். இல்லை, பத்தாவது முடியட்டும். லீவுக்கு நீ சென்னை போய்வர இப்போதே வாக்கு வாங்கிவிடு. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பினால் விடிகாலை சென்ட்ரல்.

ஸ்வெட்டரைச் சென்னையில் வாங்கிவிடாதே, இங்கத்துக் குளிருக்குப் போதாது. ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கத்தில் திபெத்தியர் கடைகள் இருக்கின்றன. நிறத்தை நீயே தேர்ந்தெடு. அப்பாவிடம் விட்டால் பழுப்புதான் எடுப்பார்.